சற்று முன் கண்டதும் இப்போது காண்பதும்

பத்து காஜாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டியர் பலர் பால்மரம் வெட்டினர். விடியற்காலை இருளில், தலைவிளக்கின் ஒளியில் வேலைக்குச் செல்லும் ஒருவர் வழியில் பாம்பைக் கண்டுவிட்டால் போதும். அடுத்த நிரையில் கிடக்கும் காய்ந்த கிளையும் அவருக்குப் பாம்பாகவே தோன்றும். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்னும் பழமொழி இதனையே கூறுகிறது.

நாம் காணும் எல்லாவற்றையும் மூளையால் ஒரே நேரத்தில் ஆராய முடியாது. எனவே, அது சிலவற்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை ஒதுக்குகிறது. இதுவே தெரிவுக் கவனம். பளிச்சென்று தெரியும் பொருள் நம் கவனத்தை ஈர்க்கும். நாம் தேடும் பொருளும் ஈர்க்கும். இவ்விரண்டோடு, சற்று முன் கவனித்தவையும் அடுத்து எதைக் கவனிப்போம் என்பதை முடிவு செய்கின்றன.

வேரா மல்கோவிச், கென் நாகயாமா ஆகிய ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டில் இதனை விளக்கும் ஆய்வொன்றை வெளியிட்டனர். திரையில் மூன்று சாய்சதுரங்கள் தோன்றும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அதன் எந்தப் பக்கம் வெட்டப்பட்டுள்ளது எனக் கூற வேண்டும். முந்தைய முறை வந்த அதே நிறம் மீண்டும் வந்தபோது, பங்கேற்றோர் விரைவாக விடையளித்தனர். நிறம் மாறியபோது தாமதித்தனர். நிறம் மாறப்போகிறது என முன்பே அறிந்திருந்தும் இத்தாமதம் நீங்கவில்லை.

இதே நிலை சாலையிலும் ஏற்படலாம். பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் சாலையைக் கடக்க ஒரு மாணவர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காரும் லாரியும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அவருடைய கவனம் பெரிய வாகனங்களுக்குப் பழகிவிடுகிறது. அடுத்து வரும் மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் போகலாம். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தவர்களே. விபத்துகளுக்குக் காரணங்கள் பல. கவனப் பிழையும் அவற்றுள் ஒன்று.

சற்று முன் கண்டதன் தாக்கத்தை நாம் விரும்பியவுடன் அழிக்க இயலாது. ஆனால், எதைத் தேடுகிறோம் என்பதை மாற்றிக்கொள்ள இயலும். சாலையைக் கடக்குமுன், “மோட்டார் சைக்கிள் வருகிறதா?” என மனத்துக்குள் கேட்டுக்கொண்டு மீண்டும் ஒருமுறை இருபுறமும் பாருங்கள். அந்த இரண்டாவது பார்வை ஓர் உயிரைக் காக்கலாம்.

சிந்தித்துக் கூறுக
1. காய்ந்த கிளை பாம்பாகத் தோன்றியதற்குக் காரணம் என்ன?
2. முன்பு கண்டதால் நீங்கள் எதையேனும் கவனிக்கத் தவறியதுண்டா? விளக்குக.