வேகப் பந்தின் விலை

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானின் சோயப் அக்தர் ஓடிவந்து, இங்கிலாந்தின் நிக் நைட்டுக்கு ஒரு பந்தை வீசினார். வேகம் அளக்கும் கருவி காட்டிய எண் 161.3. மணிக்கு 161.3 கிலோமீட்டர்! பதிவாகியுள்ள பந்துகளில் மிக வேகமானது என்று இன்றும் அதையே சொல்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் இயற்பியல் வகுப்பில் இதைச் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கல்லூரி அணியின் வேகப் பந்து வீச்சாளன் அவன். "சார், மனிதனால் அவ்வளவு வேகமாக ஓட முடியாதே. கையிலும் அவ்வளவு பலம் கிடையாது. பிறகு அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவனுக்கு அன்று சொன்ன விடையையும், அன்று சொல்லாமல் விட்டதையும் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அரை விநாடிக்கும் குறைவு

முதலில் மட்டை பிடிப்பவரின் நிலையைப் பார்ப்போம். இருபுற ஸ்டம்புகளுக்கும் இடையே உள்ள தூரம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். ஆனால் பந்து வீசுபவர் தம் பக்கத்துக் கோட்டருகே வந்துதான் பந்தை விடுகிறார். மட்டைக்காரரும் தம் கோட்டருகே நிற்கிறார். இந்த இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் 17.68 மீட்டர்தான்.

மணிக்கு 161.3 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 44.8 மீட்டர். 17.68-ஐ 44.8-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.39 விநாடி வரும். காற்றின் தடையாலும் தரையில் பட்டு எழும்புவதாலும் பந்தின் வேகம் குறைவதால், உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக நேரம் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் அரை விநாடிக்கும் குறைவே.

கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகும். ஆகவே பந்து பாதி வழி வருவதற்குள் மட்டைக்காரர் தம் முடிவை எடுத்தாக வேண்டும். கடைசி 0.2 விநாடியில் பந்து எப்படித் திரும்பினாலும் புதிதாக ஒன்றும் செய்ய இயலாது. வேகப் பந்தைக் காணும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

இனி ஆற்றலைக் கணக்கிடுவோம். பந்தின் நிறை சுமார் 160 கிராம். இயக்க ஆற்றல், நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி என்று படித்திருக்கிறீர்கள். அதன்படி இந்தப் பந்தின் ஆற்றல் ஏறத்தாழ 160 ஜூல். காற்றே இல்லாத இடத்தில் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொடும்போது ஏறக்குறைய இதே வேகத்தைத்தான் பெற்றிருக்கும்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தோடு 160 கிலோமீட்டர் பந்தை ஒப்பிடுங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆற்றலோ ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வேகத்தின் இருமடி செய்யும் வேலை இது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

வேகப் பந்து வீச்சாளர் ஓடிவரும் வேகம் விநாடிக்குச் சுமார் 6 மீட்டர் என்று கொள்வோம். பந்தோ விநாடிக்கு 44 மீட்டருக்கு மேல் போகிறது. மீதியை யார் கொடுத்தது?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். உங்கள் கால்கள் தளத்தோடு நின்றுவிடுகின்றன. உடலின் மேற்பகுதி, அதிலும் தலை, வேகமாக முன்னே பாய்கிறது. பந்து வீச்சிலும் இதுவே நடக்கிறது. ஓடிவந்தவர் கடைசித் தப்படியில் முன்காலை முழங்கால் மடங்காமல் கம்பம்போல் ஊன்றுகிறார். ஓட்டம் அங்கே தடைபடுகிறது. இடுப்பு தடைபட்டதும் மார்பு முன்னே சுழல்கிறது. அடுத்துத் தோள், அடுத்துக் கை, கடைசியாக மணிக்கட்டும் விரல்களும். கனமான உறுப்பிலிருந்து லேசான உறுப்புக்கு இயக்கம் கைமாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடுகிறது.

மாட்டு வண்டிக்காரரின் சாட்டையைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி மெதுவாகத்தான் அசைகிறது. ஆனால் நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடும். 'பட்' என்ற ஓசை அதனால்தான் எழுகிறது. நல்ல பந்து வீச்சாளரின் உடலும் ஒரு சாட்டையே. கால் அதன் கைப்பிடி, விரல் அதன் நுனி.

80 கிலோ எடையுள்ளவர் அந்த வேகத்தில் ஓடிவரும்போது அவரிடம் 1440 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பந்துக்குப் போய்ச் சேருவது 160 ஜூல், ஒன்பதில் ஒரு பங்கு. மீதி ஆற்றல் எங்கே போயிற்று? ஒரு பகுதி வீசிய பின்னும் அவரை முன்னே ஓடவைக்கிறது. மற்றொரு பகுதியை அவருடைய காலும் முதுகும் தோளும் வாங்கிக்கொள்கின்றன. விலை இங்கேதான் தொடங்குகிறது.

தரை திருப்பித் தரும் அடி

நியூட்டனின் மூன்றாம் விதியை மறந்திருக்க மாட்டீர்கள். கால் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ, தரையும் காலை அவ்வளவே அழுத்தும்.

80 கிலோ நிறையும் விநாடிக்கு 6 மீட்டர் வேகமும் உள்ளவரின் உந்தம் 480 கிலோகிராம் மீட்டர் / விநாடி. முன்காலை ஊன்றும்போது பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் இதில் பாதியை அவர் இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உந்த மாற்றம் 240. அதை 0.1 விநாடியால் வகுத்தால் கிடைக்கும் சராசரி விசை 2400 நியூட்டன். அவருடைய எடையே 784 நியூட்டன்தான். ஆகவே எடையைப்போல் மூன்று மடங்கு விசை அவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது.

இது கிடைத்திசையில் உள்ள சராசரி மட்டுமே. கீழிருந்து மேல்நோக்கி வரும் அடி இன்னும் பெரியது. விசையை அளக்கும் தட்டுகளைத் தரையில் பதித்து ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். சில நூறில் ஒரு பங்கு விநாடி நேரத்துக்கு, உடல் எடையைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரையிலும், சிலரிடம் அதற்கு மேலும் விசை எழுகிறது. ஆறு மடங்கு என்று கொண்டால் 480 கிலோ எடைக்குச் சமம். 75 கிலோ நெல் மூட்டைகள் ஆறுக்கு மேல், ஒற்றைக் காலின் மீது!

தோளையும் பாருங்கள். பந்து தோளைச் சுற்றி விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில், 0.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வருவதாகக் கொள்வோம். மையநோக்கு விசையைக் கணக்கிட்டால் 245 நியூட்டன் வரும். 160 கிராம் பந்து 25 கிலோ எடைபோலக் கையை இழுக்கிறது. கையின் நிறை பந்தின் நிறையைவிடப் பல மடங்கு என்பதால் தோள் மூட்டு தாங்கவேண்டிய விசை இதைவிட மிகவும் அதிகம்.

கம்பியும் எலும்பும்

ஒரு பந்தில் யாருக்கும் எலும்பு முறிவதில்லை. ஆனால் ஒரு நாளில் 20 ஓவர் வீசினால் 120 பந்துகள், 120 அடிகள்.

ஒரு கட்டுக் கம்பியை எடுத்து ஒரு முறை வளையுங்கள். ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். பாலங்களையும் விமானங்களையும் கட்டுவோர் இதற்கு அஞ்சுவார்கள். எலும்பிலும் இது நிகழ்கிறது. மருத்துவர்கள் இதைத் தகைவு முறிவு என்று சொல்கிறார்கள்.

வேகப் பந்து வீச்சாளரிடம் இது அதிகம் தோன்றும் இடம் இடுப்பு முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. முன்கால் தரையில் படும் அந்தக் கணத்தில் முதுகு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் படுகிறது. முள்ளெலும்பின் பின்புறத்தில் குறுகிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. பெரும் சுமை அதன்மேல் விழுகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் விரிசல் ஏற்படும். தோள் ஒரு பக்கமும் இடுப்பு வேறு பக்கமும் பார்க்கும்படி உடலை முறுக்கி வீசுவோருக்கு ஆபத்து கூடுதல் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவில் 1980-களில் இளம் வீச்சாளரிடையே நடந்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் கம்பிக்கும் எலும்புக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சோர்ந்த கம்பியை ஓராண்டு பெட்டியில் வைத்திருந்தாலும் அது தேறாது. எலும்போ உயிருள்ளது. பழுதான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகு அங்கே புது எலும்பைக் கட்டிக்கொள்கிறது. இந்த வேலைக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். கட்டி முடிப்பதற்குள் மேலும் மேலும் அடி விழுந்தால், பழுது முந்திக்கொள்ளும்; விரிசல் பிறக்கும். இடுப்பு முள்ளெலும்பு முழு உறுதி பெற இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆவதால், உங்கள் வயதினருக்கு இந்த ஆபத்து மிகுதி.

சிலர் கொடுத்த விலை

இங்கிலாந்தின் ஹெரால்டு லார்வுட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1932-33இல் ஆஸ்திரேலியாவில் 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்நாட்டின் கெட்டியான தரையில் ஊன்றி ஊன்றி, சிட்னியில் நடந்த கடைசி ஆட்டத்தில் அவருடைய இடது பாத எலும்பு நொறுங்கியது. அதற்குப்பின் அவர் டெஸ்ட் ஆடவில்லை. களத்துக்கு வெளியே எழுந்த பூசல்களும் அதற்குக் காரணம்.

அதே சிட்னியில் 2025 ஜனவரியில் நம் ஜஸ்பிரித் பும்ரா முதுகு வலியோடு களத்தை விட்டு வெளியேறினார். அந்தத் தொடரில் அவர் எடுத்தவை 32 விக்கெட்டுகள். வீசியவை 150 ஓவர்களுக்கு மேல். 900 முறைக்கு மேல் முன்காலை ஊன்றியிருக்கிறார். 2019இலேயே அவருடைய முதுகில் தகைவு முறிவு கண்டது. 2023இல் அறுவைச் சிகிச்சையும் நடந்திருந்தது.

ஆனால் முதுகு முறிந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பில் தகைவு முறிவுகள் ஏற்பட்டன. உடலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இருந்தார். பின்பு பொறுமையாக உடலைத் தேற்றி, வீசும் முறையையும் திருத்திக்கொண்டு, 1974-75இல் திரும்பி வந்தார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவர் எடுத்திருந்த 355 டெஸ்ட் விக்கெட்டுகள் அன்றைய உலகச் சாதனை. 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப் பந்துப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, அதற்கு வழிகாட்ட வந்தவரும் இந்த லில்லிதான். முறிந்த முதுகு கற்பித்த பாடம் நம்மூர் இளைஞர்களுக்கும் கிடைத்தது.

எண்ணிக்கை நோட்டு

என் மாணவனிடம் வந்தேன் அல்லவா? வேகத்தின் பிறப்பை அன்று விளக்கினேன். அவன் மகிழ்ந்துபோனான். முன்காலை இன்னும் விறைப்பாக ஊன்றப் பழகினான், வேகமும் கூடியது. அடியைப் பற்றி நான் சொல்லவில்லை. தேர்வுப் போட்டி நெருங்கியதால் இடுப்பு வலியை மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தான். தைலம் தேய்த்துக்கொண்டு தினமும் வீசினான். ஒரு நாள் ஆய்வகத்தில் குனிந்து எடைக்கல்லை எடுக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் மெல்லிய கோடுபோல் ஒரு விரிசல். "தம்பி, இதற்கு மருந்து ஓய்வுதான். பல மாதம் பந்தைத் தொடாதே" என்றார். தேர்வுப் போட்டி போயிற்று. சமன்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கொடுத்த குற்றம் என்னுடையது என்று இன்றும் எண்ணுகிறேன்.

இப்போது அவன் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மாலையில் சிறுவர்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கிறான். அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று நாள்தோறும் குறித்துவைக்கிறான். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வயதுக்கேற்ப ஓவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதையே ஒரு கோடு போட்ட நோட்டில் செய்கிறான். "இடுப்பு வலிக்கிறது என்று சொல்பவனை நான் கோழை என்று சொல்லவே மாட்டேன், சார்" என்றான் என்னிடம்.

வேகமாக வீச ஆசைப்படுங்கள். அது அருமையான ஆசை. ஆனால் ஓய்வு நாளும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைவில் வையுங்கள். முதுகின் கீழே ஒரே இடத்தில் வலி நீடித்தால் அன்றே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே நீளமுள்ள மூன்று கட்டுக் கம்பித் துண்டுகளை எடுங்கள். ஒன்றைச் சிறிதாகவும், மற்றொன்றை நடுத்தரமாகவும், மூன்றாவதை முழுதாகவும் மாற்றி மாற்றி வளையுங்கள். எத்தனையாவது வளைப்பில் ஒவ்வொன்றும் ஒடிகிறது? ஒடிந்த முனை கூராக இருக்கும், கவனம்.

2. 60 கிலோ எடையுள்ள மாணவன் ஒரு மாலையில் 8 ஓவர் வீசுகிறான். ஒவ்வொரு முறையும் முன்காலில் எடையைப்போல் ஐந்து மடங்கு விசை விழுந்தால், ஒரு அடி எத்தனை நியூட்டன்? மொத்தம் எத்தனை அடிகள்? விடையை உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்.