998 சிசியா, 1197 சிசியா?

அன்புள்ள தம்பிக்கு,

"வாகன்-ஆர் 1.0 எடுத்தால் மைலேஜ் கொடுக்கும், 1.2 பெட்ரோல் குடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்?" என்று எழுதியிருந்தாய். கேள்வியில் குறையில்லை. அந்த 'எல்லோரும்' மீதுதான் வாத்தியாருக்கு எரிச்சல். சிசி கூடினால் மைலேஜ் குறையும் என்று புதுக்கோட்டை டீக்கடையிலிருந்து திருச்சி ஷோரூம் வரை ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜின் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய நீயும் அதை அப்படியே எழுதி அனுப்பலாமா?

ஆல்டோவைப் பார். 2012இல் வந்த ஆல்டோ 800-க்கு 796 சிசி இன்ஜின். அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 22.74 கிலோமீட்டர். 2014இல் புதுப்பித்து வந்த ஆல்டோ கே10-க்கு 998 சிசி, மைலேஜ் 24.07. பெரிய இன்ஜின்தான் குறைவாகக் குடித்தது. 796 சிசியின் வம்சம் 1983இல் வந்த மாருதி 800 காலத்தது. கே10-இல் உள்ள கே சீரிஸ் இன்ஜின் அதைவிடக் கால் நூற்றாண்டு இளையது, பாகங்களின் உராய்வும் எடையும் குறைந்தது. நம் ஒரகடத்தில் தயாரான ரெனால்ட் க்விட்டிலோ கதை நேர்மாறு: 799 சிசிக்கு 25.17, 999 சிசிக்கு 23.01. அங்கே இரண்டும் ஒரே தலைமுறை இன்ஜின்கள். ஆகவே சிசியைக் கேட்பதற்கு முன் இன்ஜினின் வயதைக் கேள்.

வாகன்-ஆரிலும் இரண்டு இன்ஜினும் ஒரே தலைமுறைதான். 2022இல் வந்த மாடலில், கியரை நாமே போடும் வண்டிக்கு, 1.0 தருவது 24.35, 1.2 தருவது 23.56. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதுவும் உருளைமேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்த கணக்கு.

உன் வண்டியில் ஏறப்போவது யார் யார்? நீ, மனைவி, பிள்ளை, அப்பா, அம்மா. டிக்கியில் கீரமங்கலம் சந்தைப் பலாப்பழம். 800 சொச்சம் கிலோ எடையுள்ள வண்டிமேல் இன்னொரு 300 கிலோ உட்காருகிறது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் அம்மா வரமாட்டார்கள். இந்தச் சுமையோடு முன்னால் போகும் பேருந்தைத் தாண்ட ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறாய் என்று வை. அந்த நேரம் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற சிக்கனக் கணக்கைக் கைவிட்டு, 12 அல்லது 13 பங்குக்கு ஒன்று என்று கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். பெரிய இன்ஜின் அதே வேலையை முக்கால் மிதியில் முடித்துவிடும். சிக்கனக் கணக்கை மீற வேண்டிய அவசியம் பெரும்பாலும் அதற்கு வராது. தனியாளாக ஊருக்குள் 40இல் போகிறவனுக்கு மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே பெரிய இன்ஜின் பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை இழுக்கவே சக்தியை வீணாக்கும்; சின்னதுதான் லாபம்.

நம் மாவட்டத்துக்குள் சுற்றும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் எல்லாம் கால்நடையாக ஏறும் குன்றுகள். கார் மூச்சு வாங்க வேண்டியதில்லை. கொல்லிமலைக்குப் போனால் தெரியும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி மெதுவாகும். இரண்டாம் கியரில் சின்ன இன்ஜின் திணறி உதறும், முதல் கியருக்குப் போட்டால் கத்தும். ஏசியை அணை என்பார் அப்பா. கிளட்ச் வாடை வரும். 1.0-இன் இழுவிசை 89 நியூட்டன் மீட்டர், 1.2-இன் இழுவிசை 113. அந்த வளைவுகளில் வேலை செய்வது இந்த எண்தான். கொடைக்கானல் உயரத்துக்குப் போனாலோ காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உன் 89 அங்கே 70 சொச்சம்தான்.

சரி, ஏன் 998? ஏன் 1197? இங்கே வாத்தியாருக்குப் பிடித்த விஷயம் வருகிறது, பொறுத்துக்கொள். இந்த எண்களை முடிவு செய்வது பொறியாளர் அல்ல, வரி போடுகிறவர்.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் புத்தகங்களைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். 1921 முதல் அங்கே ஒரு குதிரைத் திறனுக்கு ஒரு பவுண்டு வரி. குதிரைத் திறனை அளந்து பார்த்தார்களா? இல்லை. சிலிண்டரின் விட்டத்தை வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கணக்கிலேயே இல்லை. விளைவு, சிலிண்டரை ஒல்லியாக்கி, பிஸ்டன் ஓட்டத்தை நீட்டி, கால் நூற்றாண்டுக்கு மேலாக மெதுவாகச் சுற்றும் நெட்டை இன்ஜின்களையே அந்த நாடு செய்துகொண்டிருந்தது. ஜப்பானிலும் இதே கதை. சலுகை பெறும் குட்டிக் கார்களுக்கு 1976 முதல் 1990 வரை 550 சிசி எல்லை. நம் மாருதி 800-இன் உடன்பிறப்பான சுசுகி ஆல்டோ அங்கே 543 சிசியோடுதான் ஓடியது; அந்த எல்லை இல்லாத நாடுகளுக்குத்தான் 796. நாம் சின்ன இன்ஜின் என்று வாங்கிய மாருதி 800, அந்தக் குடும்பத்தின் பெரிய இன்ஜின் வண்டி!

இந்தியாவில் கோடு விழுந்தது 2006 பட்ஜெட்டில். போட்டவர் ப. சிதம்பரம், அன்றைய சிவகங்கை எம்.பி. இன்று நம் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்திருப்பது அந்தத் தொகுதியில்தான். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்றால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. 1298 சிசி இன்ஜினோடு வந்த ஸ்விஃப்ட் 2010இல் 1197-க்கு இறங்கிய காரணம் இப்போது புரிகிறதா? 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானபோதும் அதே 1200தான் எல்லை. 998-க்குத் துணை நிற்பது இன்சூரன்ஸ். 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி, 1000 சிசி வரை மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1197-க்கு 3,416.

இனி உன் கணக்கு. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், அறிவித்த மைலேஜ்படி 1.2 கூடுதலாகக் குடிப்பது பதினாறரை லிட்டர். லிட்டர் சுமார் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,650. காப்பீட்டு வித்தியாசம் 1,322. மொத்தம் வருடத்துக்கு மூவாயிரத்தைத் தொடவில்லை. மாதம் 250 ரூபாய். இதற்கா இத்தனை பயம்? உன் வீட்டுக்கு 1.2 எடு. மூன்று சிலிண்டருக்குப் பதில் நான்கு என்பதால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் வரும் நடுக்கமும் குறையும்.

விலையில்தான் கவனம் வேண்டும். 1.2 கிடைப்பது மேல்நிலை இசட்எக்ஸ்ஐ ரகங்களில் மட்டும். நீ கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இன்ஜினுக்கு அல்ல, மற்ற வசதிகளுக்கு. தினமும் திருச்சிக்குப் போய்வரும் வேலை கிடைத்து சிஎன்ஜி போடலாம் என்று தோன்றினால் இந்தக் கடிதத்தை மறந்துவிடு. கம்பெனி சிஎன்ஜி 1.0-இல் மட்டுமே வருகிறது, டிக்கியில் பலாப்பழத்துக்கும் இடமிருக்காது. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதே. அப்பா அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, இரண்டு வண்டியையும் ஒரே ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏற்றிப் பார். சேல்ஸ்மேன் பைபாஸ் பக்கம் போகலாம் என்பார்; விடாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்