பாலாற்றங்கரையில் ஜான் லாக்

மேனாட்டு அரசியல் தத்துவ வரலாற்றைப் பிளேட்டோ தொடங்கி மார்க்ஸ் ஈறாக நாம் தேர்வுக்காகப் படிக்கின்றோம், எழுதுகின்றோம், பின்னர் மறந்தும் விடுகின்றோம். அக்கருத்துகளுக்கும், வாணியம்பாடி, ஆம்பூர் தொடங்கி இராணிப்பேட்டை வரை பரந்து கிடக்கும் நம் தோல் நகரங்களுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா? உண்டு என்பதே என் துணிபு. ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் 1689இல் வெளியிட்ட அரசாங்கம் பற்றிய ஆய்வுரைகளைத் துணைக்கொண்டு அதனை விளக்க முயல்கின்றேன்.

உழைப்பும் உடைமையும்

உலகம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவாக அளிக்கப்பட்டது என்று தொடங்குகின்றார் லாக். பொதுப்பொருள் எவ்வாறு ஒருவனுக்கு உரியதாகின்றது? அவன் தன் உழைப்பை அதனோடு கலப்பதால் என்பது அவர் விடை. இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பச்சைத்தோல் சில நாளில் அழுகிப்போகும். அதனைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, பதனிட்ட பின்னரே அது விலைபெறும் சரக்காகின்றது. மதிப்பைத் தந்தது உழைப்பே.

ஆனால் யாருடைய உழைப்பு? தன் வேலையாள் வெட்டிய புல்தரையும் தன் உடைமையே என்று லாக் எழுதுகின்றார். சுண்ணாம்புக் குழியில் நிற்பவனுக்குக் கூலி, தோல் முதலாளிக்கு. இவ்விடத்தில்தான் பின்னாளில் மார்க்ஸ் தம் வினாவை எழுப்பினார்.

லாக் ஒரு வரம்பும் விதித்தார். ஒருவன் எடுத்துக்கொண்ட பின்னும் பிறர்க்குப் போதிய அளவில், அதே தரத்தில் மிஞ்சியிருத்தல் வேண்டும். இதற்கு அவர் காட்டும் உவமையே ஆறுதான். ஒருவன் ஆற்றிலிருந்து வயிறாரப் பருகினாலும் பிறர்க்கு முழு ஆறும் இருக்கின்றது. ஆதலின் எவர்க்கும் இழப்பில்லை என்கின்றார்.

உவமை பொய்த்த இடம்

பாலாறு கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வாணியம்பாடிப் பக்கம் தமிழகத்துள் நுழைகின்றது. ஆண்டின் பெரும்பகுதி மணலே கண்ணுக்குத் தெரியும். நீர் மணலுக்கு அடியில்தான். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். 1970களில், முழுதும் பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற நோக்கில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. குரோமிய முறையும் பெருகியது.

அதன் விளைவை உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பில் காணலாம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று. 13 சிற்றூர்களில் ஆய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்று அத்தீர்ப்பு எடுத்துரைக்கின்றது.

லாக்கின் உவமை இங்கே பொய்த்துவிடுகின்றது. மனிதன் ஆற்றிலிருந்து எடுப்பதை மட்டுமே அவர் கணக்கிட்டார். ஆற்றுக்குத் திருப்பி விடுவதைக் கணக்கிடவில்லை. எடுத்த நீரைவிட, உப்பும் குரோமியமும் கலந்து திரும்பிய நீரே பிறர்க்குரிய பங்கை அழித்தது.

இன்பக் கணக்கும் உரிமையின் எல்லையும்

மிகப் பலரின் மிகப் பெரிய இன்பமே நன்மைக்கு அளவுகோல் என்றார் பெந்தாம், 1776இல். அவர் வழியில் ஒருவர் இப்படி வாதிடலாம்: தோல் தொழில் அயல்நாட்டுச் செலாவணி ஈட்டுகின்றது, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது, சில கிணறுகள் கெட்டால் என்ன?

இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட இயலாது. என் தாய்வழிப் பாட்டனார் உழவர். அவர் கிணற்று நீர் உவர்த்தபின் நெல் நின்றது, தென்னை காய்ப்பற்றுப் போயிற்று. என் அண்ணன் காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் கூலியில்தான் நான் படிக்கின்றேன். ஒரே வீட்டில் பெந்தாமின் தராசு இரு தட்டுகளோடும் தொங்குகின்றது. ஆனால் எங்கள் வீட்டிலும் இன்பம் ஒருவர்க்கு, இழப்பு வேறொருவர்க்கு. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு தொகை காண்பதால் பாட்டனாருக்கு நீதி கிடைத்துவிடாது.

மில், 1859இல் எழுதிய உரிமை பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே ஒருவன் உரிமையில் தலையிடலாம் என்றார். முதலாளியின் தொழில் உரிமை அண்டை வீட்டுக் கிணற்றடியில் முடிகின்றது என்பது இதன் பொருள். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பும் இவ்வழியே செல்கின்றது. தோல் தொழில் நாட்டுக்கு இன்றியமையாதது. ஆயினும் சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துவோரையே சாரும்.

மூன்றாவது குறை

இனி லாக்கிடமே திரும்புவோம். அரசு தோன்றாத இயற்கை நிலையில் மூன்று குறைகள் உண்டு என்றார் அவர்: எல்லாரும் அறிந்த நிலையான சட்டம் இல்லை, நடுநிலை நீதிபதி இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் இல்லை. இவற்றைப் போக்கவே மக்கள் அரசை அமைத்தனர்.

இவ்வளவுகோலால் பாலாற்றை அளப்போம். சட்டம் இருந்தது: 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். நீதிபதியும் கிடைத்தார், 1996இல். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு இழப்பீடு வகுத்தது. எனினும் 2025 சனவரி 30இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியதாயிற்று. விடுபட்டோர்க்கு ஆறு வாரத்துள் அரசு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்றும், கண்காணிக்க ஒரு குழு அமைய வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்! ஒரு தலைமுறை உழவர் நிலம் விட்டு வேறு பிழைப்புக்குப் போய்விடும் காலம் அது.

ஆக, முதல் இரு குறைகளும் நீங்கின. மூன்றாவது நீங்க இத்துணைக் காலம் ஆயிற்று. சட்டத்தாலும் நீதிபதியாலும் மட்டும் அரசு நிறைவு பெறுவதில்லை. தீர்ப்பு கிணற்றடி வரை வந்து சேரவேண்டும். சேராதவரை, அந்த உழவரைப் பொறுத்த மட்டில் அரசு பாதிதான் பிறந்திருக்கின்றது. நம் வகுப்புகளில் தோல் தொழிலாளர் பிள்ளைகளும் உழவர் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். லாக்கின் மூன்று குறைகளைத் தேர்வில் எழுதும் நாம், நம் ஊரில் மூன்றாவது குறை எந்த அளவு நீங்கியிருக்கின்றது என்பதையும் அறிந்து வைத்தல் நன்று.