கடல் ஏன் ரோஸ் ஆனது?

அன்புள்ள அம்மாவுக்கு,

குருசுக்குப்பத்திலிருந்து நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் எடுத்தது. சாமி நெற்றிக் குங்குமம் அப்படியே இருக்கிறது. பின்னால் கடல் மட்டும் ரோஸ். "பிரிண்டர் போயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகவில்லை. குங்குமச் சிவப்புக்கு மெஜந்தாவும் மஞ்சளும் போதும். கடலுக்கு சயான் வேண்டும். அந்த ஒரு கலர்தான் அடைத்திருக்கிறது. பிரிண்டர் ஹெட்டில் இங்க் வரும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் வாயிலேயே காய்ந்துவிடும். உழைத்துக் கெட்ட இங்க்ஜெட்டைவிட, சும்மா இருந்து கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் நாசில் செக் எடுங்கள். சாதாரணத் தாளில் கலர் கலராக மெல்லிய கோடுகள் வரும். சயான் எங்கே அறுந்திருக்கிறதென்று தெரியும். பிறகு ஒரு ஹெட் கிளீனிங், மறுபடி செக். மூன்று தடவையில் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஊறிய அடைப்பு காலையில் இளகலாம். நான் ஒருமுறை பிடிவாதமாகப் பதினோரு கிளீனிங் கொடுத்தேன். துளை திறக்கவில்லை, டேங்க்தான் இறங்கியது. அத்தனை இங்கும் அடியிலுள்ள வேஸ்ட் பேடுக்குப் போனது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் அச்சடிக்கவே மறுக்கும்.

அணைக்கும்போது சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். பிரிண்டர் பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். அச்சடிக்கையில் சுவரில் அணைத்தால் நடுவழியில் வாயைத் திறந்தபடி நிற்கும்.

கடலோர வீடு என்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிளாசி பேப்பர் ஈரம் வாங்கி வளையும். ஹெட் உரசி ஓரத்தில் கறை விழும். பிரித்த பாக்கெட்டை இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள், முறுக்கு வைப்பது போல.

இன்னொன்று. உங்கள் ஊர் செயின்ட் லூயி தெரு பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் 1956 முதல் எடுத்த கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பழையவை கறுப்பு வெள்ளை. அவற்றின் கருமை வெள்ளி, சீக்கிரம் மங்காது. ஆனால் வீட்டு டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலும் கலர் எல்லாம் டை இங்க். வெயிலும் காற்றும் பட்டால் வெளுக்கும். கண்ணாடி போட்டு, வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள்.

இனி வாரம் ஒரு சின்னக் கலர் படம் எடுத்தால் போதும். கடல் மறுபடி ரோஸாகவே வந்தால் படத்தை அனுப்பாதீர்கள், அந்தச் செக் தாளை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்