பூட்டான் புடவையில் பூ வேலை

கேள்வி: பூட்டான் பெண்கள் உடுத்தும் கிராவில் இருப்பது ஊசியால் போட்ட பூ வேலைதானே?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது தறியிலேயே பிறந்த பூ. குஷுதாரா என்ற இந்தப் பட்டு வகைக்குப் பெயர்போன ஊர், கிழக்கே லுன்ட்சே மாவட்டத்தில் உள்ள கோமா கிராமம். அங்குள்ள தறியின் ஒரு முனை சட்டத்தில் இருக்கும். மறுமுனையை நெய்பவர் தன் இடுப்புப் பட்டையோடு பிணைத்துக்கொள்வார். பாவு நூல்களை இறுக்க வேண்டுமா, உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஆக, அவரும் தறியில் ஓர் உறுப்பு! சாதாரண ஊடைக்கு மேல் வண்ண நூல்களை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் பாவில் கோத்துச் சுற்றுவதால்தான் ஊசிவேலை போன்ற புடைப்பு வருகிறது. நுணுக்கமான ஒரு கிரா முடியப் பல மாதங்கள் ஆகும். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சோரிக் சூசும் என்று பூட்டானியர் வகுத்துள்ள 13 கைவினைகளில் நெசவுக்குத் தக்சோ என்றும், தையல், பூத்தையலுக்குச் செம்சோ என்றும் தனித்தனிப் பெயர்களே உண்டு. முன்னது பெண்கள் கை. கோயில் திரைகளில் காணும் பின்னதோ பெரும்பாலும் ஆண்கள், துறவிகள் கை. நீங்கள் குழப்பிக்கொண்டாலும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை.