நடந்தவர்களை நிறுத்திய சட்டங்கள்

கேள்வி: வெள்ளையர் ஆட்சி நாடோடி மேய்ப்பர்களின் வாழ்வை எப்படி மாற்றியது? (வாசகர், லுக்குட், மலேசியா)

பதில்: நடந்து பிழைத்தவர்களின் வழியை அது அடைத்தது. 1882-இன் சென்னை வனச் சட்டத்தால் காடுகள் அரசின் காப்புக்காடுகளாயின. தலைமுறைகளாக ஆடுமாடு மேய்ந்த இடத்தில் அனுமதிச் சீட்டும் கட்டணமும் வந்தன. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் சுமந்த குறவர், லம்பாடிகளின் பிழைப்பை ரயில் பறித்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் அலைந்து திரிவதையே சந்தேகத்துக்குரியதாக்கியது. காட்டைக் காக்கத்தானே கட்டுப்பாடு என்பார்கள். ரயில் பாதைக் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்கும் மரங்களை வெட்டித் தள்ளியது யார்? மந்தையோ ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்தது. அறுவடை முடிந்த வயலில் மந்தையை அடைத்துக் கிடை போட்டால் மண்ணுக்கு உரம், மேய்ப்பருக்கு நெல். இராமநாதபுரத்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் இன்றும் அப்படித்தான் ஆட்டுக் கிடை போடுகிறார்கள். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்கடியில் மாடு மேய்த்த தமிழருக்கும் புல் தரை சொந்தமாக இல்லை, அது கம்பெனியுடையதாக இருந்தது.