ஒரு முழம் ஆறு

புதிதாகத் தொட்டி வைக்க வருகிற பிள்ளைகள் எடுத்தவுடன் கேட்பது, "என்ன மீன் விடலாம் ஐயா?" என்பதுதான். மீன் கடைசி. எந்தத் தண்ணீரை வீட்டுக்குள் வைக்கப் போகிறோம் என்பது முதல். எனக்குப் பழக்கமான தாமிரபரணியை வைத்தே சொல்கிறேன்.

1. முழு ஆற்றையும் தொட்டிக்குள் கொண்டுவர நினைக்காதீர்கள். பாபநாசத்துக்குக் கீழே அந்த ஒரே ஆற்றில் எத்தனை தண்ணீர்! பாறைக்கு நடுவே இரைந்து ஓடுவது ஒன்று, கசத்தில் ஆழ்ந்து கிடப்பது ஒன்று, மருத மர வேரடியில் நிழலாய் நிற்பது ஒன்று, மணல் திட்டை ஒட்டிக் கணுக்காலளவு தெளிந்து ஓடுவது ஒன்று. இதில் ஒன்றை எடுங்கள். நான்கையும் ஒரே தொட்டியில் திணித்தால் எந்த மீனுக்கும் அது வீடாகாது.

2. கரையில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டத்தில் இருக்கும் கெண்டை சும்மா சுற்றித் திரியாது. பெரிய கல்லுக்குப் பின்னால் வேகம் தணிகிற இடத்தில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வாலை மட்டும் அசைத்து நிற்கும். மேலிருந்து ஏதாவது மிதந்து வந்தால் பாய்ந்து கவ்வி, திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும். இதைப் பார்த்தவர்களுக்குப் பம்ப்பை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் பாயட்டும். அதற்கு எதிரே பெரிய கல் ஒன்று இருக்கட்டும்.

3. மணல் பொடியாக, உருண்டையாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அதன் முனைகள் கூர்மை. அயிரை மணலை வாயில் அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். பயந்தால் கண் மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்துகொள்ளும். கடையில் விற்கிற வண்ணக் கூழாங்கல்லில் அது மீசை தேய்ந்து மெலிந்துபோகும். சலித்த ஆற்று மணலைக் கலங்கல் தெளியும்வரை அலசிப் போடுங்கள்.

4. கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு; தண்ணீரைக் கடினமாக்கிவிடும். இலைக்கு மருத மரத்தின் காய்ந்த சருகு போதும். கடைகளில் காசு கொடுத்து வாங்குகிற நாட்டு வாதுமை இலையும் மருதமும் ஒரே பேரினம்தான். சருகு ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால் பதறாதீர்கள். அரளி, எருக்கு பக்கம் மட்டும் போகாதீர்கள்.

5. நம் ஊரில் ஓடை மீனைக் கொல்வது பெரும்பாலும் நோயில்லை, சித்திரை வெயில். 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகும். மலையடிவாரத்து மீனை மொட்டை மாடித் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு மருந்து தேடி அலைகிறவர்களை என்ன சொல்ல? வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள். மேல்தண்ணீரில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி ஒன்று வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும்.

6. தண்ணீர் நிரப்பி, ஒரு மாதம் மீனில்லாமல் ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டால் போதும். அது அழுகி வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற அவ்வளவு காலம் ஆகும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.

7. இப்போது மீன். இரண்டடித் தொட்டி கிட்டத்தட்ட 56 லிட்டர்தான். அதில் ஓட்டத்தைக் குறைத்து, மணல் ஓரத்தை அமையுங்கள்: அடியில் அயிரை, மேலே நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு முண்டக்கண்ணி. முண்டக்கண்ணி துள்ளும், மூடி கட்டாயம். அயிரைக்காக ஆற்றில் இறங்கவும் வேண்டாம். மதுரைப் பக்கம் குழம்புக்கு உயிரோடு விற்கிறார்கள். பாத்திரத்துக்குப் போகிறதில் கொஞ்சம் தொட்டிக்கு வரட்டுமே. ஓட்டத்து மீன் வேண்டுமென்றால் நாலடித் தொட்டிக்குப் பிறகு யோசியுங்கள். மிஸ் கேரளா அரையடி வரை வளரும், கூட்டமாகத்தான் வாழும். காட்டில் அருகிவரும் மீன் அது. பண்ணைக் குஞ்சா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

8. ஜப்பானின் தகாஷி அமானோ லிஸ்பன் ஓஷனேரியத்தில் 2015இல் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டியின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் வருகிறீர்கள். அபார அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது தோட்டக்கலை. நம் தொட்டியில் கல்மேல் பாசி படியும், சருகு மக்கும், ஒரு மூலை காலியாகக் கிடக்கும். முன்கண்ணாடியை மட்டும் துடையுங்கள். கல்லில் இருப்பது மீன் மேய்வதற்கு.

9. தாமிரபரணி பாயும் முண்டந்துறைக் காட்டுக்குள் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடக் கூடாது. புலிகள் காப்பகம் அது. எடுப்பது சட்டப்படி குற்றம். மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் 1954இல் விவரித்த தாமிரபரணிக் கெண்டை இந்த ஆற்றுக்கே உரியது. அதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

10. ஐப்பசி மழை தொடங்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றிப் பாருங்கள். கெண்டை முட்டையிடும், இட்ட கையோடு தின்னவும் தின்னும். அயிரை இல்லாத, கெண்டைக்கு மட்டுமான தொட்டியில் அடியில் கூழாங்கல் பரப்பியிருந்தால் இடுக்கில் விழுந்தவை தப்பும். குஞ்சு பெருகிவிட்டால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரருக்குக் கொடுங்கள். ஆற்றில் விடாதீர்கள், அந்த ஆற்று மீனாகவே இருந்தாலும். தொட்டியில் தொற்றிய நோய் அதோடு போகும். இப்படி யாரோ கொட்டிவிட்ட சக்கர் மீன்தான் இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு இருக்கிறது.